சாவி செருகும் இடம்

அக்டோபர் 7, திங்கள்

வேலை கிடைத்துவிட்டது என்று எழுதக் கை பரபரக்கிறது. கிடைக்கவில்லை. இந்த மாதக் கடைசி வரை வைத்துப் பார்ப்பார்கள். தேறினால் வேலை. இல்லையென்றால் "நன்றி சங்கவி" என்று ஒரு மெயில்.

வெளிநாட்டு டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிவு செய்கிறார்கள். அதை இங்கே வீட்டில் உட்கார்ந்து கேட்டு டைப் செய்வது என் வேலை. கம்பெனி ஒரு ஹெட்போனும் கட்டைவிரல் அளவில் ஒரு குச்சியும் அனுப்பியிருக்கிறது. குச்சியை யூஎஸ்பி போர்ட்டில் செருகினால்தான் அவர்களுடைய பக்கம் திறக்கும். உருவினால் மூடிக்கொள்ளும். எவ்வளவு நேரம் செருகியிருந்தது என்பது அங்கே பதிவாகும். அதுதான் என் வருகைப் பதிவேடு.

அம்மா குச்சியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது இன்னாடி?"

"சாவிம்மா. நம்ம பீரோ சாவி மாதிரி. இத்த போட்டாத்தான் கம்பெனி தொறக்கும்."

"எங்க போடுவ?"

மேஜைக்கு அடியில் இருக்கும் சிபியுவின் முன்பக்க ஓட்டையைக் காட்டினேன். அம்மா குனிந்து பார்த்தாள். "அவ்ளோ பெரிய கம்பெனிக்கு இத்துனூண்டு ஓட்டையா" என்றாள்.

கம்ப்யூட்டர் புதியது அல்ல. மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து தம்பி டில்லி பைக்கில் கட்டிக்கொண்டு வந்தது. முன்பக்கத்தில் இரண்டு போர்ட்டுகள், ஒன்று ஏற்கெனவே உடைந்தது. பின்பக்கத்தில் நான்கு.

அக்டோபர் 9, புதன்

ஒரு டாக்டர் கொட்டாவி விட்டுக்கொண்டே பேசுகிறார். கொட்டாவியையும் டைப் செய்ய வேண்டுமா என்று பிரசன்னா சாரிடம் கேட்டேன். அவர்தான் எங்கள் குழுவுக்குத் தலைவர். சிரிப்புப் படம் ஒன்று அனுப்பினார். பதில் அனுப்பவில்லை.

அம்மா வேலைசெய்யும் வீட்டு மேடம் மறுபடி கேட்டிருக்கிறார். அவருடைய பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வேண்டுமாம். "உம் பொண்ணு சும்மாத்தானே இருக்கா, கூட்டிட்டு வா." அம்மா, "கம்ப்யூட்டர் வேல பாக்குது மேடம்" என்று சொன்னாளாம். "அதெல்லாம் நிக்குதான்னு பாரு. மாசக் கடைசிக்குள்ள சொல்லு" என்றாராம் அந்த அம்மாள்.

நிக்குதான்னு பாரு. மூன்று வருடம் கல்லூரிக்கு பஸ் மாறி மாறிப் போனேன். ஆற்றோரத்தில் இருந்த எங்கள் வீட்டை இடித்து ஊருக்கு வெளியே இந்த நாலாவது மாடியில் கொண்டுவந்து போட்ட மறுநாள்கூட பரீட்சை எழுதப் போனேன். நான் எங்கே நிற்பேன் என்று இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் நேராக எழுதிவிட வேண்டியதுதான். இந்த வீட்டுக்கு மூன்றாவது சம்பளம் வேண்டும். இந்த வேலை போனால் நவம்பரில் அந்த வீட்டில்தான் நிற்பேன். அம்மா என்னை வற்புறுத்த மாட்டாள். நானே போவேன். அதுதான் பயம்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. கம்பெனிக்கு லீவு இல்லை.

அம்மா காலையிலேயே அந்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். பூஜை நாளில் அங்கே இரட்டை வேலை. போகும்போது, "நம்ம கம்ப்யூட்டருக்கும் ஒரு பொட்டு வெச்சிருலாமா?" என்று கேட்டாள்.

"வேல செய்யறது நானு. பொட்டு மிஷினுக்கா?" என்றேன்.

"எல்லாரும் வெக்கிறாங்க இல்ல."

"எல்லாரும் வெச்சி எல்லாருக்கும் என்ன வந்துச்சு? நீ இத்தன வருசமா தொடப்பத்துக்கு வெச்சியே, தொடப்பம் உன்ன விட்டுச்சா?"

நான் சொன்னது சரிதான். ஆனால் அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அவள் சண்டை போட்டிருக்கலாம்.

சாயங்காலம் பொரி, கடலை, தொன்னையில் சந்தனம், குங்குமம் எல்லாம் கொண்டுவந்தாள். நான் குழாயடிக்குப் போய் இரண்டு குடம் தூக்கிக்கொண்டு திரும்பினால், அம்மா மேஜைக்கு அடியில் ஈரத்துணியோடு உட்கார்ந்திருக்கிறாள். கத்திவிட்டேன்.

"ஈரத்துணியால அத்த தொடாதன்னு எத்தன தபா சொல்றது?"

"தூசுடி" என்றாள். முகத்தைப் பார்க்கவில்லை. அறை முழுக்கச் சந்தன வாசனை. அந்த வீட்டில் அரைத்த கை, மணக்கத்தான் செய்யும்.

அக்டோபர் 12, சனி

வேலை நன்றாகப் போனது. குச்சியின் உலோக முனையில் லேசாகச் செம்மண் நிறத்தில் கறை. இதற்குள் துருவா? கம்பெனி கொடுக்கும் சரக்கின் தரம் அவ்வளவுதான். சுடிதாரில் துடைத்துச் செருகினேன்.

அக்டோபர் 14, திங்கள்

காலையிலிருந்து மழை.

ஒரு டாக்டர் யாருடைய முழங்காலைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தார். பாதி வாக்கியத்தில் சத்தம் நின்றது. கம்பெனிப் பக்கம் மூடிக்கொண்டது. மவுஸ் நகரவில்லை. கீபோர்டில் விளக்கு இல்லை. திரை மட்டும் பளிச்சென்று இருக்கிறது. பார்க்க முடிகிறது, தொட முடியவில்லை.

பட்டனை அமுக்கி அணைத்துப் போட்டேன். வந்தது. பத்து நிமிடம் கழித்து மறுபடி போனது. குச்சியை உருவிப் பின்பக்கத்தில் செருகினேன். அங்கேயும் இல்லை. கீபோர்டை இடம் மாற்றினேன். எந்த ஓட்டையிலும் உயிர் இல்லை.

கடைசியில் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது: யூஎஸ்பி கருவி அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கிறது, பதினைந்து வினாடியில் இயந்திரம் அணைந்துவிடும். எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சொன்ன சொல் தவறாமல் அணைந்தது. இந்த வீட்டுக்கு வந்த எதுவும் இவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டதில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

போனில் தேடித் தேடி ஒவ்வொன்றாகச் செய்தேன். மின்சார ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து, உள்ளே மிச்சமிருக்கும் கரண்டைக் காலி செய்தேன். எப்போதாவது கீபோர்டு விழித்துக்கொண்டபோது போர்ட்டுகளை இயக்கும் டிரைவர் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன். மின்சாரம் மிச்சம்பிடிக்க விண்டோஸே போர்ட்டுகளைத் தூங்கவைக்கும் என்று ஒருவர் வீடியோவில் சொன்னார். அதையும் நிறுத்தினேன். அவருக்கு வேலை செய்தது. எனக்குச் செய்யவில்லை.

பிரசன்னா சாரிடமிருந்து செய்தி: "சங்கவி, உங்க லாகின் ஹவர்ஸ் ரொம்ப லோ. ஹார்ட்வேர் உங்க பொறுப்பு. மன்த் எண்ட்ல இதத்தான் பார்ப்பாங்க."

அம்மா வேலையிலிருந்து வந்ததும் கேட்டாள். "சரியாச்சா?"

"இல்ல."

"அந்த ஓட்டைல லேசா ஈரம் பட்டா கெட்டுப்போவுமா?"

"நீ தொடச்சது வெளியதான?"

"ஆமா. வெளியதான்."

"அப்புறம் என்ன? மழச் சாரல் அதுவரைக்கும் வராது."

அம்மா இன்றைக்குச் சாப்பிடவில்லை. அசிடிட்டி என்றாள்.

அக்டோபர் 17, வியாழன்

இதை எழுதியே ஆக வேண்டும்.

டில்லி உணவு டெலிவரி பார்க்கிறான். போனில் எப்போதும் சார்ஜ் இருக்காது. காலையில் மேஜைக்கு அடியில் அவனுடைய சார்ஜர் ஒயர் கிடந்தது. ஒரு முனை பிய்ந்து செம்புக் கம்பி தெரிந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி இருந்தது.

"டேய், இத்தயா கம்ப்யூட்டர்ல போட்ட?"

"ஒரே ஒரு தபாக்கா. அதுவும் போன மாசம்."

"கரண்டு இழுக்குது, கரண்டு இழுக்குதுன்னு அது கத்துது. நீதான்டா இழுத்துருக்க."

"நா போன் சார்ஜ் போட்டன். ரயில இழுக்கல."

"உன்னாலதான் நா போயி அந்தக் கொழந்தைக்குக் கால் கழுவப் போறேன்."

அவன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டான். "உனுக்கு எல்லாத்துக்கும் எவனாவது ஒருத்தன் வோணும். கவுர்மென்ட்டு இல்லன்னா நானு."

அம்மா அடுப்பங்கரை வாசலில் நின்று, "அவன உடுடி, அவன் பண்ணல" என்றாள்.

"உனக்கு எப்டித் தெரியும்?"

அம்மா வாயைத் திறந்தாள். பிறகு முந்தானையால் அதை மூடிக்கொண்டாள். டில்லி படியிறங்கிப் போய்விட்டான். இரவு வரவில்லை. நண்பன் ரூமில் தங்குகிறானாம், அம்மாவுக்குத்தான் போன் செய்தான்.

அக்டோபர் 19, சனி

சிபியுவை அரிசிச் சாக்கின் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, நாலு மாடி இறக்கி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு லோகுவின் கடைக்குப் போனேன். ரிப்பேர் கடை. கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. லோகு வேறு யாருடனோ போனில் பேசிக்கொண்டே அதைத் திறந்து, ஊதி, மூடி, பின்பக்கத்தில் கீபோர்டைச் செருகிப் போட்டார். ஓடியது. பென் டிரைவ் போட்டார். ஓடியது. ஒரு மணி நேரம் ஓடியது. பாவி, அங்கே மட்டும் சமர்த்து.

"நல்லாத்தான இருக்குது? கெழட்டு போர்டு சிஸ்டர். எப்ப வேணா போவும். புதுசா ஒரு செட்டு பாத்து வெக்கிறேன்."

"இதுல என்னதான் கோளாறு?"

"இதுல கோளாறு இல்ல. உங்க வீட்லதான் இருக்குது. எர்த் இருக்குதா?"

வரும்போது அவருடைய பழைய சாமான் குவியலிலிருந்து உருண்டை முனை கீபோர்டு ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தேன். அது யூஎஸ்பி இல்லாத பழைய காலத்து இனம். போர்ட்டுகள் செத்தாலும் அது வேலை செய்யும். நோயாளியின் நாடி பார்க்கவாவது முடியும்.

அக்டோபர் 20, ஞாயிறு

வெயில். நாள் முழுக்க ஓடியது. பழைய பாக்கியெல்லாம் அடித்தேன்.

அக்டோபர் 21, திங்கள்

மழை. செத்தது.

கீழ் மாடி பேபி அக்காவின் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியனிடம் கையாளாக இருக்கிறார். டெஸ்டரும் ஒரு பல்பும் கொண்டுவந்து எங்கள் பிளக் பாயிண்ட்டைச் சோதித்தார். எர்த்துக்கான மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. ஓட்டை மட்டும் வைத்திருக்கிறார்கள். அவருடைய வீட்டிலும் இல்லை. இந்த பிளாக் முழுவதும் அப்படித்தான் இருக்கும் என்றார். மழை நாளில் ஃபிரிட்ஜைத் தொட்டால் சுர்ரென்று இழுப்பதை நாங்கள் எல்லோரும் விதி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். விதி இல்லை. கான்ட்ராக்டர்.

எவ்வளவு ஒயர் மிச்சமாகியிருக்கும்! எங்களுக்குத் தெரியாது என்று இல்லை. எங்களுக்குத் தெரிந்தாலும் ஒன்றுமில்லை என்றுதான் அந்த ஓட்டைகளை வெறுமனே வைத்திருக்கிறார்கள்.

அக்டோபர் 22, செவ்வாய்

பேபி அக்கா தலைமையில், இந்தக் குடியிருப்பைக் கட்டிய வாரியத்தின் ஆபீசுக்குப் போனோம். பதினைந்து பெண்கள். நான்தான் மனு எழுதினேன்.

இளம் இன்ஜினியர் ஒருவர் நிமிர்ந்து பார்க்காமல், "ஷாக் அடிக்குதுன்னா காலுக்குச் செருப்புப் போட்டுட்டுப் புழங்குங்க" என்றார்.

பேபி அக்கா கேட்டாள்: "குளிக்கச் சொல்லவும் செருப்பு போட்டுக்கணுமா சார்? ஒங்க வீட்டம்மா அப்டித்தான் குளிக்கிறாங்களா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் மனுவை வாங்கிக்கொண்டார். சிரிப்புக்குப் பயந்துதான் வாங்கினார், மனுவுக்கு அல்ல.

என் கம்ப்யூட்டர் இதனால்தான் கெட்டது, என் வேலை போகப்போகிறது என்று அங்கே சத்தமாகச் சொன்னேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொன்னபோது நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "கண்டுபுடிச்சிட்டேன்மா. கான்ட்ராக்டர் பண்ண வேல." அம்மா தலையை ஆட்டினாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

அக்டோபர் 23, புதன்

விடியும்போது விழிப்பு வந்தது. அம்மா மேஜைக்கு அடியில் குந்தியிருந்தாள். கையில் தீக்குச்சி, நுனியில் பஞ்சு.

"இன்னா பண்ற?"

"கம்மல் திருகாணி வுழுந்துச்சி."

கம்மல் இரண்டும் காதில் இருந்தன. தூக்கக் கலக்கத்தில் நான் திரும்பிப் படுத்துவிட்டேன்.

எழுந்தபோது அம்மா வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் இருக்கும் ஒரே டேபிள் ஃபேன் சிபியுவின் முகத்துக்கு நேராக ஓடிக்கொண்டிருந்தது. மிஷினுக்கு வேர்க்கும் என்று நினைத்தாளோ என்னவோ. மத்தியானம் வரை போர்ட்டுகள் ஓடின. பிறகு மழை பிடித்துக்கொண்டது.

வெயில் அடித்தால் ஓடுகிறது. ஃபேன் ஓடினால் ஓடுகிறது. ஏசியில் ஓடுகிறது. இல்லாத எர்த் ஒயர் வெயிலுக்கு முளைக்குமா? கேள்வி வந்தது. பதில் தேட விருப்பமில்லை. கான்ட்ராக்டர் எனக்கு வசதியாக இருந்தார்.

அக்டோபர் 25, வெள்ளி

கோளாறு தெரிந்துவிட்டது. மழை பெய்கிறது, எல்லாம் ஓடுகிறது. இன்றைக்கு எழுதப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 26, சனி

நடந்ததை எழுதுகிறேன்.

நேற்று காலை மறுபடி அந்தப் பதினைந்து வினாடி வரி வந்தது. எதையும் செருகாமல் வெறும் போர்ட்டுகளோடு போட்டுப் பார்த்தேன். உருண்டை முனை கீபோர்டு மட்டும். அப்போதும் அதே வரி. எந்தக் கருவியும் இல்லாதபோது எந்தக் கருவி கரண்டு இழுக்கிறது? அப்படியென்றால் இழுப்பது ஓட்டைதான். எந்த ஓட்டை?

ஒயரையெல்லாம் பிடுங்கிவிட்டு, காய் நறுக்கும் கத்தியால் திருகுகளைக் கழற்றிப் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்தேன். முன்பக்கத்துப் போர்ட்டுகளிலிருந்து ஒரே ஒரு ஒயர் மதர்போர்டுக்கு வருகிறது. அதைப் பிடுங்கிவிட்டு மறுபடி கம்ப்யூட்டரைப் போட்டேன். வரி வரவில்லை. பின்பக்கத்தில் மவுஸ், ஹெட்போன், கம்பெனிக் குச்சி. மூன்றும் விழித்துக்கொண்டன. முன்பக்கம் எங்கேயோ ஷார்ட் ஆகியிருக்கிறது, அதற்குப் பயந்து போர்டு எல்லாவற்றையும் சேர்த்து அணைத்திருக்கிறது. ஒரு வீட்டில் ஒருத்தர் செய்ததற்கு மொத்தத் தெருவையும் இடிக்கிற மாதிரி.

போன் டார்ச்சை முன்பக்க ஓட்டைக்குள் அடித்துப் பார்த்தேன். உள்ளே மஞ்சளாக ஏதோ பொருக்குக் கட்டியிருந்தது. ஓரத்தில் சிவப்பு. நடுவில் பஞ்சு இழை. குனிந்து முகர்ந்தேன். இரண்டு வாரம் ஆகியும் மணம் போகவில்லை.

சந்தனம். குங்குமம்.

காய்ந்தால் சும்மா இருக்கும், ஈரக்காற்றில் ஊறினால் கரண்டைக் கடத்தும். மழை, வெயில், ஃபேன், ஏசி எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஈரத்துணி. திருகாணி. அசிடிட்டி. "அவன் பண்ணல."

முதலில் கோபம்தான் வந்தது, அதை மறைக்கப்போவதில்லை. கையில் கத்தி இருந்தது, அதை எறிந்தேன். பிறகு, அம்மா தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்த் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றும் முன்பே "சரியாச்சா" என்று கேட்டது நினைவுக்கு வந்தது. சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

நேற்று சாயங்காலம் அதே கேள்வியோடு வந்தாள். "சரியாயிடுச்சிம்மா. உள்ள ஒரு ஒயரு லூசா இருந்துச்சி" என்றேன்.

"ஒயரா?"

"ஒயருதான்."

டில்லிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. "உன் சார்ஜர் இல்ல. நான்தான் லூசு" என்று செய்தி அனுப்பினேன். இன்று காலை பதில் வந்தது: "அது எனுக்கு ஏற்கெனவே தெரியும்."

அக்டோபர் 27, ஞாயிறு

அம்மாவுக்கு அரை நாள்தான் வேலை. மத்தியானம் வந்து குழம்பு வைத்தாள். நான் பாக்கி ஆடியோக்களை அடித்துக்கொண்டிருந்தேன். ஹெட்போனைக் கழற்றியதும் அடுப்பங்கரையிலிருந்து குரல் வந்தது.

"பொய் சொல்றியாடி?"

"எது?"

"ஒயருன்னியே."

ஹெட்போன் ஒயரைச் சுருட்டினேன்.

"நான்தான் வெச்சேன். நீ தண்ணிக்கிப் போனப்ப." கரண்டியைக் கீழே வைக்காமல் அடுப்பைப் பார்த்தே பேசினாள். "பீரோவுக்குச் சாவி போடுற எடத்துலதான பொட்டு வெப்போம். நீ சாவின்ன. இதான் சாவி போடுற எடம்னு காட்டுன. நல்லாருக்கட்டும்னு கொழச்சி வெச்சேன். சந்தனம் தண்ணியா இருந்துச்சி, உள்ள பூட்ச்சி. பயந்துக்கினு தொடச்சேன். அதுக்குள்ள நீ வந்துட்ட."

"உங்கிட்டதான் வேணாம்னு சொன்னேனே."

"சொன்ன." இப்போது திரும்பினாள். "அந்த வூட்ல நாலு மிஷினு கீது. வருசா வருசம் பூசைக்கு மொதல் நாளு நாலையும் நான்தான் தொடைக்கிறேன். துணியால, பிரசால, இண்டு இடுக்குல்லாம். அப்புறம் மேடம் குளிச்சிட்டு வருவாங்க. தட்ட நான் புடிச்சிக்குவேன். பொட்டு அவங்க வெப்பாங்க. என்னய வெய்யின்னு ஒரு தபாகூடச் சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல. நம்மூட்லயும் ஒரு மிஷினு வந்துச்சில்ல. எங்கையால ஒண்ணுக்காச்சும் வெக்கணும்னு இருந்துச்சி."

நான் எவ்வளவோ பேசுகிறவள். ஆபீசில் பதினைந்து பெண்கள் நடுவே பேசினவள். எழுந்து போய் அடுப்பை மட்டும் குறைத்தேன்.

"டில்லிய நீ திட்டுனப்பவே சொல்லிருக்கணும். வாய் வர்ல. பெத்த புள்ளய மாட்டி உட்டேன்."

"அவன் ரூம்ல நல்லா பிரியாணி துன்னுக்கினு இருக்கான். நீ சாப்ட்டு எத்தன நாளாச்சு, அதச் சொல்லு."

"இனிமே அந்தப் பக்கமே கைய வெக்க மாட்டேன்" என்றாள்.

அந்த வாக்கியம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வீட்டில் எத்தனை முறை சொல்லியிருப்பாள் அதை. சொல்லிச் சொல்லிப் பழகிய குரல் அது.

அக்டோபர் 29, செவ்வாய்

எர்த் போட இரண்டு பேர் வந்தார்கள். கீழ்த்தளத்துக்கு மட்டும் ஒயர் இழுத்துவிட்டுப் போய்விட்டார்கள். மேல் மாடிகளுக்கு "அடுத்த கட்டம்". நாங்கள் மின்சாரத்திலும் கட்டங்களாகத்தான் சாக வேண்டும்போல.

பேபி அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். என் கம்ப்யூட்டர் கெட்டது எர்த்தினால் அல்ல.

"அத்த யாராண்டயும் சொல்லாத" என்றாள். "சொன்னா கீழ போட்டதையும் உருவிக்கினு பூடுவானுங்க."

கம்ப்யூட்டர் விஷயத்தில் நான் சொன்னது தப்பு. மூன்றாவது ஓட்டையில் ஒயர் இல்லை என்பது தப்பு இல்லை. நாளைக்கு அடுத்த மனு எழுதப்போகிறேன். இந்த முறை கம்ப்யூட்டர் இல்லாமல்.

டில்லி வந்துவிட்டான். புது சார்ஜரோடு. அம்மா அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். விழுந்து விழுந்து சிரித்தான். "எம்மா, அதுக்கு வாயில ஊட்டி உட்டியா?"

அக்டோபர் 30, புதன்

கம்பெனி கணக்கெடுக்கும் கடைசி நாள். ஊற்று ஊற்று என்று ஊற்றியது. ஒரு வினாடிகூட அறுபடவில்லை. ஆனால் இழந்த மணி நேரங்கள் முழுவதும் திரும்பவில்லை. என்னால் முடிந்தவரை அடித்தேன். விரல்கள் மரத்துப்போயிருக்கின்றன.

அம்மா வேலையிலிருந்து வந்தாள். "சொல்லிட்டேன்" என்றாள்.

"யாருகிட்ட? என்னத்த?"

"மேடத்தாண்ட. எம்பொண்ணு வராதுன்னு."

"எனக்கே இன்னும் ரிசல்ட் வரல. வேல இல்லன்னு வந்துச்சுன்னா?"

"வந்தாலும் வராதுன்னுதான் சொன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"வேற ஆளு பாத்துக்குறேன்னாங்க. பாத்துக்கட்டும். நீ கைகால் கழுவிக்கினு வந்து துன்னு."

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. வெளிநாட்டு டாக்டர்களுக்கு இல்லை.

மெயில் காலையிலேயே வந்துவிட்டது. தரம் திருப்திகரம், வருகை நேரம் போதாது, எனவே சோதனைக் காலம் இன்னும் ஒரு மாதம் நீட்டிக்கப்படுகிறது. வேலை இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிறது என்றும் சொல்லவில்லை. இவர்களும் அடுத்த கட்டம்தான். ஆனாலும் மூன்று பேரும் அந்த மெயிலைத் திரும்பத் திரும்பப் படித்தோம். அம்மாவுக்காக டில்லி சத்தமாகத் தமிழில் சொன்னான். "தரம் திருப்திகரம்" வரும் இடத்தை மட்டும் இரண்டு முறை சொல்லவைத்தாள்.

எண்ணெய் தேய்த்துக் குளித்து முடித்ததும் அம்மாவைக் கூப்பிட்டேன். சிபியுவை மேஜைக்கு அடியிலிருந்து கொஞ்சம் வெளியே இழுத்தேன்.

"குங்குமம் எடுத்துட்டு வா."

"இன்னாத்துக்கு?"

"முன்னாடி இருக்கற ஓட்டைக்கு உள்ள ஒயரு புடுங்கியாச்சு. அது இனி எதுக்கும் ஒட்டு இல்ல. நீ எவ்ளோ வேணா வெய்யி. குடம் குடமா ஊத்துனாக்கூட ஒண்ணும் ஆவாது."

"நீதான் நம்ப மாட்டியே."

"நம்பல. வெய்யின்னுதான் சொன்னேன்."

அம்மா கையைக் கழுவி, புடவையில் அழுத்தித் துடைத்து, ஈரம் இருக்கிறதா என்று விரல்களைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு குந்தி உட்கார்ந்து, ஓட்டைக்குள் போகாமல் அதற்கு மேலே, மிகச் சின்னதாக ஒன்று வைத்தாள். கொஞ்சம் பின்னால் சாய்ந்து பார்த்தாள். போதவில்லை போலிருந்தது. அதன்மேல் இன்னும் கொஞ்சம் வைத்தாள். தட்டை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு வேலை. பின்பக்கத்தில் குச்சியைச் செருகுவதென்றால் மேஜைக்கு அடியில் புகுந்து, சிபியுவைக் கட்டிப்பிடித்தமாதிரி கையைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். செருகினேன். கம்பெனி திறந்தது. தலையை வெளியே எடுத்ததும் டில்லி என் நெற்றியைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னாக்கா, பக்தி முத்திப்போச்சா?"

தொட்டுப் பார்த்தேன். விரலில் சிவப்பாக ஒட்டியது. துடைக்கலாம் என்றால் ஆடியோ வரிசையில் நிற்கிறது, சாவி செருகிவிட்டதால் நேரமும் ஓடத் தொடங்கிவிட்டது. அப்படியே ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.